கண்ணாடியில் என் பெயர்

2024 செப்ரெம்பர் 3, செவ்வாய்

இன்று மூன்று விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்று பள்ளிக்கூடத் துப்புரவு, ஒன்று முதியோர் இல்லத்துச் சமையலறை, மற்றது என்ன வேலை என்று எனக்கே வடிவாக விளங்கவில்லை. அனுப்பி முடிந்த பிறகு லவன் எட்டிப் பார்த்தான். கிரேன் ஓட்டுகிற வேலையாம். டெனிஷில் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு என் பிள்ளை சிரித்து நான் கண்டது குறைவு.

இந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் ஆ-காஸ்ஸவின் பிள்ளைகள். வேலை போனால் கைவிடாது என்று மாதாமாதம் சந்தா கட்டி வந்த காப்புறுதி. நான் இருபது வருடம் சாப்பாட்டுப் பெட்டி அடைத்த தொழிற்சாலை மே மாதம் போலந்துக்குப் போய்விட்டது. இவருடைய இரும்புப் பட்டறையில் ஓடர் இல்லை; ஒரு கிழமை வேலை, ஒரு கிழமை வீடு, வீட்டுக் கிழமைக்குக் காப்புறுதிக் காசு. லவன் கொம்பியூட்டர் படித்தவன், இன்னும் ஒரு நாளும் வேலைக்குப் போகாதவன். புதுப் பட்டதாரிக்கும் ஒரு காசு உண்டு. வேலை போனவளுக்கு ஒன்று, பாதி போனவருக்கு ஒன்று, இன்னும் வராதவனுக்கு ஒன்று. நாட்டில் ஆட்பற்றாக்குறை என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. எங்கே என்று விலாசத்தையும் போட்டிருக்கலாம்.

மத்தியானம் மேரிசெலின் ரெலிபோன் எடுத்தாள். கோல்டிங்கில் கடைக்கு இடம் கிடைத்துவிட்டதாம்.

"நீயும் வா கா. ரெண்டு பேருமாச் செய்வம். லைன்ல நிண்டு கதைச்சதெல்லாம் மறந்து போச்சா?"

மறக்கவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் நான், இறைச்சி உருண்டைக்குப் பக்கத்தில் அவள். வாய்க்கு முகமூடி, காதுக்கு அடைப்பு. அப்படியிருந்தும் இருபது வருடம் இல்லாத கடை ஒன்றை நடத்தினோம். ரோல்ஸ், பற்றிஸ், இடியப்பம், வெள்ளைக்காரருக்கு உறைப்புக் குறைத்துக் கோழிக்கறி. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு நாள் கதைக்காமல் கூட இருந்திருக்கிறோம்.

சொந்தத் தொழில் தொடங்கினால் காப்புறுதிக் காசு நின்றுபோகும். அதைத்தான் சொன்னேன். இவருக்கும் பாதி, லவனுக்கும் வேலையில்லை, இதில் நானும் துணிந்தால் வீட்டுக் கடன் யார் கட்டுவது? "சரி, மறுகா பாப்பம்" என்றாள். மட்டக்களப்பாருடைய "கா" எங்களுடைய "அடி", அவர்களுடைய "மறுகா" எங்களுடைய "பிறகு". அவள் அதைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

செப்ரெம்பர் 21, சனி

கடை திறந்தாயிற்று. சின்னக் கடைதான், வாங்கிக்கொண்டு போகிற கடை. நாலு கதிரை. கதவுக்கு நீலம், அதில் அவள் வென்றுவிட்டாள். பாதிரியார் வந்து செபித்தார். நான் ஒரு பிள்ளையார் படத்தைக் கொண்டுபோனேன். அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, "ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருக்கட்டும்" என்றாள்.

வாசல் கண்ணாடியைப் பார்த்துத்தான் திகைத்துப் போனேன். வெள்ளை எழுத்தில், டெனிஷ்காரர் வாசிக்கிற மாதிரி: மலர் & செலின்.

"என்ரை பேரை ஏன் போட்டனீ?"

"நம்மட ரெண்டு பேருட கடதானே. நீ உள்ளுக்க நிக்காட்டி கண்ணாடியில நில்லு கா."

சாமி பெயர் வைத்த கடை கண்டிருக்கிறேன், பிள்ளை பெயர் வைத்த கடை கண்டிருக்கிறேன். கூட்டாளியின் பெயரை வைத்தவளை இன்றைக்குத்தான் கண்டேன். அவளுடைய மகள் ஜெசிக்கா ஒடென்சேயிலிருந்து வந்திருந்தாள், அங்கே தாதியாக இருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். படத்தில் நான் அழுகிற மாதிரி இருக்கிறேன். அழவில்லை. வெயில்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். இவர் பார்த்துவிட்டு, "சம்பளம் இல்லாத முதலாளி" என்றார்.

ஒக்ரோபர் 8

செலினுக்கு மூச்சு வாங்குகிறது. படியேறினால் நின்று நின்று ஏறுகிறாள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லையாம். ஒபரேசனுக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள், முறை வரும்வரை பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். சமையல் கடைக்காரி பாரம் தூக்காமல் என்ன செய்வது? பூட்டினால் வாடகை போகும், வருகிற சனமும் போகும். திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நாளைக்குக் காலை ரெயினில் போகப்போகிறேன்.

ஒக்ரோபர் 9

போனேன். அவளைக் கதிரையில் இருத்திவிட்டு நான் நின்றேன். ரோல்ஸ் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது.

ஒக்ரோபர் 17

தினமும் போகிறேன். கை முழுக்க எண்ணெய்ச் சூடு. பக்கத்து அலுவலகத்து வெள்ளைக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கண்ணாடியில் வாசித்து. கதிரையில் இருந்தபடி அவள் அதிகாரம் பண்ணுகிறாள். "உப்புப் போட்டியா? பாத்துப் போட்டியா, பாராமப் போட்டியா?" வேலை போனதிலிருந்து இப்படி நித்திரை வந்ததில்லை. சந்தோசமாக இருக்கிறேன். எழுதவே பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒக்ரோபர் 31

மாத முடிவு. காப்புறுதி அட்டையை இணையத்தில் நிரப்பினேன். வழக்கமான கேள்விகள். சுகமில்லாமல் இருந்தீர்களா, விடுமுறையில் போனீர்களா, வேலை செய்தீர்களா?

இல்லை, இல்லை, இல்லை.

காசு வாங்கவில்லையே, பிறகென்ன வேலை? கலியாண வீட்டில் வெங்காயம் உரிக்கிறவள் வேலைக்கா போகிறாள்?

நவம்பர் 14, வியாழன்

ஆ-காஸ்ஸவில் நேர்முகம். வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறோமா என்று பார்க்கிற சந்திப்பு. காத்திருக்கிற இடத்தில் ஒரு கூரை வேலைக்காரன் இருந்தான், குளிர் தொடங்கினால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், ஒவ்வொரு வருடமும் வருகிறானாம், வீட்டுக்கு வந்தவன் மாதிரிக் கோப்பி போட்டுக் குடித்தான். பக்கத்தில் உடுப்புக்கடையில் நின்ற ஒரு பெட்டை. அவளுக்கு இந்த மாதம் அரை வேலை, போன மாதம் கால் வேலை, எதை எப்படிக் கணக்குக் காட்டுவதென்று அவளுக்கே தெரியவில்லை. அச்சகம் மூடிவிட்டதால் வந்த ஒரு வயதானவர் யாரோடும் கதைக்கவில்லை. கையில் மை இல்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை வேறு வேறு. முகம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எனக்கு வந்தவள் கிர்ஸ்டன். நல்ல பிள்ளை, என் வயதில் பாதி இருக்கும். விண்ணப்பங்களைப் பார்த்தாள், கிரேனைக் கண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள், "உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது?"

வீட்டில் இருந்து வேலை தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஒரு பொம்பிளையைச் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான சொல் எது? சும்மா இருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வாயைத் திறந்தேன். நான் சும்மா இருக்கவில்லை, காலையில் கோல்டிங்குக்குப் போய்விடுவேன், பின்னேரம் வரை என் சிநேகிதியின் கடையை நான்தான் பார்க்கிறேன், ஒரு சதம் வாங்குவதில்லை. பெருமையாகச் சொன்னேன். என்னுடைய டெனிஷ் ஒருநாளும் அப்படி வழுக்கிக்கொண்டு வந்ததில்லை.

கிர்ஸ்டன் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"கடையின் பெயர் என்ன?"

சொன்னேன். அவள் கொம்பியூட்டரில் தேடினாள். ஜெசிக்கா எடுத்த படம் வந்தது. அவள் பல்லைக் காட்டிக்கொண்டும், நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டும் நிற்கிறோம், தலைக்கு மேல் எழுத்து.

"மலர் என்பது நீங்களா?"

"ஓம்."

"அப்படியானால் இது உங்களுடைய கடையும்தானே?"

அன்பில் வைத்த பெயர் என்று சொன்னேன். அன்புக்கு டெனிஷில் சொல் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் அது ஒரு சாட்டு மாதிரிக் கேட்டது. அவள் மெதுவாக விளங்கப்படுத்தினாள். வியாபாரம் நடக்கிற இடத்தில் செய்தால் அது வேலை, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பெயர் கண்ணாடியில் இருந்தால் பங்காளியாக இருக்கலாம். பங்காளி என்றால் காப்புறுதிக்கு உரித்து இல்லை. நான் பங்காளி இல்லை என்று கடைக்காரியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

"நான் உங்களை நம்புகிறேன்" என்றாள் கடைசியில். "ஆனால் நான் நம்புவது போதாது."

நவம்பர் 17, ஞாயிறு

கடை பூட்டியிருக்கிற நாள். ஜெசிக்காவும் வந்திருந்தாள். தாய் சொல்லச் சொல்ல அவள் டெனிஷில் எழுதினாள், என் முழுப் பெயரும் போட்டு. இந்தக் கடை எனக்கு மட்டும் சொந்தமானது. தவமலருக்கும் இந்தக் கடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"எந்தத் தொடர்பும்" என்ற இடத்தில் செலின் நிறுத்தினாள். "வேற மாதிரிச் சொல்லேலாதா மகள்?"

"நை, மோ" என்றாள் ஜெசிக்கா. இல்லை அம்மா. அவ்வளவுதான்.

பிறகு கண்ணாடி. அடுப்புச் சுரண்டுகிற அலகை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினாள். நான் சுரண்டுகிறேன் என்றேன். "நீ தொடாத. அதும் வேலை எண்டு எழுதிப் போடுவானுகள்" என்று சிரித்தாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று மூச்சு வாங்கினாள். வெள்ளைத் துருவல் என்னுடைய தலையில் விழுந்தது.

என் பெயர் போய்விட்டது. நடுவில் இருந்த & மட்டும் மிஞ்சி நின்றது. பார்க்க ஒரு மாதிரி இருந்தது, யாருக்கோ இடம் பிடித்து வைத்த மாதிரி.

"அதையும் எடு" என்றேன்.

"கிடக்கட்டும் கா. மறுகா பாப்பம்."

நவம்பர் 28

முடிவு வந்துவிட்டது. நான் பங்காளி இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். கடையில் நின்ற நாட்களின் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். வேண்டுமென்று மறைக்கவில்லை என்றபடியால் தண்டனை இல்லை, எச்சரிக்கை மட்டும். கிர்ஸ்டன் ரெலிபோனிலும் சொன்னாள். "உதவி செய்ய வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை, மலர். ஒரு மணித்தியாலம் செய்தால் ஒரு மணித்தியாலம் என்று அட்டையில் எழுதுங்கள். அந்த நேரத்துக்குக் காசு குறையும். முழு நாளும் நின்றால்தான் பிரச்சினை."

இவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இனிப் போகாதையப்பா."

"ஒரு ரெண்டு மணித்தியாலம் போய் எழுதினால்..."

"எழுதி எழுதி, பேந்து இன்னொரு கேள்வி வரும். பட்டறை தையோட மூடினாலும் மூடும் எண்டு கதைக்கிறாங்கள். நான் கோவத்திலை சொல்லேல்லை, மலர். பயத்திலை சொல்லுறன்."

எனக்குக் கோபமும் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

நவம்பர் 29

செலினுக்குச் சொன்னேன். "அதுக்கென்ன, நீ உன்ட அலுவலப் பாரு" என்றாள். யாராவது ஒரு ஆளை வேலைக்குப் பிடி என்றேன். ஓம் என்றாள்.

டிசெம்பர் 4

போகவில்லை.

டிசெம்பர் 9

போகவில்லை. விண்ணப்பம் போட்டேன். அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி. கடையில் சனம் நிற்கிற நேரம். எனக்குத் தெரியாதா?

டிசெம்பர் 25

ஜெசிக்கா ஒடென்சேக்குப் போகிற வழியில் கேக் கொண்டுவந்து தந்தாள். செலின் செய்த கேக், வழக்கம்போல பிளம்ஸ் கூட. கிறிஸ்மஸ் ஓடருக்கு இரவு பகலாக நின்றாளாம். ஒபரேசன் திகதி? மார்ச் மாதமாம். ஆள் பிடித்தாளா என்று கேட்டேன். "அம்மாவைத் தெரியுந்தானே அன்ரி" என்றாள்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பொங்கி, ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு கோல்டிங்குக்குப் போனேன். பொங்கல் கொடுப்பது வேலை இல்லை என்று ரெயினில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மனுசிக்குப் பொங்கல் கொண்டு போவதற்கு இந்த நியாயம் எல்லாம் தேவைப்பட்டது.

மெலிந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. பொங்கலைக் கவுண்டரில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமல், வாங்க வந்த சனத்தோடு நின்றேன். உள்ளே அடுப்பில் பெரிய சட்டியில் கறி. இறக்க வேண்டிய நேரம். மணத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரியும். துணியை இரண்டு பக்கமும் சுற்றிப் பிடித்தாள்.

என் கை தானாக எழும்பியது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பொம்பிளை நின்று விலைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். யார் எவள் என்று தெரியாது. தன்பாட்டில் படம் எடுத்துக்கொண்டு நின்றவள். என் கை கீழே இறங்கிவிட்டது.

செலின் சட்டியைத் தூக்கி இறக்கினாள். இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தை எனக்குக் காட்டாமல். பிறகு திரும்பி, "பொங்கலுக்குச் சக்கரை காணாது கா, வாசத்திலேயே தெரியுது" என்றாள்.

நான் சிரித்தேன். ஐயோ, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 15

ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். அட்டையில் இரண்டு என்று எழுதுவது. அவ்வளவுதானே? சட்டம் விடுகிறதை நான் ஏன் செய்யாமல் இருக்கிறேன்? கிர்ஸ்டன் தடுக்கவில்லை. இவரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. போகாமல் இருக்கிறது நான்.

பெப்ரவரி 3, திங்கள்

ஜொப்சென்ரர் என்னை பிராக்டிக்குக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு பெரிய கம்பனியின் கன்ரீன், ஆறு கிழமை, வேலை பழகுவதற்கு. சம்பளம் இல்லை, காப்புறுதிக் காசு மட்டும். உருளைக்கிழங்கு உரிக்கிறேன், சட்டி தூக்குகிறேன். முன்பின் தெரியாத கம்பனிக்குச் சும்மா வேலை செய்தால் நல்ல பிள்ளை. செலினுக்குச் செய்தால் விசாரணை.

இதை அவளுக்கு ரெலிபோனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினாள். "அங்க உப்பப் பாத்துப் போடு" என்றாள். பிறகு, இருமல் அடங்க, "எப்ப கா முடியுது உன்ட பிரச்சின?" என்றாள்.

மார்ச்சில் முடிந்துவிடும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிராக்டிக் மார்ச்சில் முடிகிறது, அதைச் சொன்னேன் போலிருக்கிறது.

பெப்ரவரி 20, வியாழன்

ஜெசிக்கா.

டெனிஷில் சொன்னாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். என்ரை கடவுளே, ஒரு பிள்ளையை அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

பெப்ரவரி 21

பின்னேரம் சாப்பாடு வாங்க வந்த ஒருவர்தான் கண்டிருக்கிறார். கதவு திறந்திருந்ததாம், அடுப்பு எரிந்துகொண்டிருந்ததாம். அவள் கீழே. சட்டியும் கீழே. அம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்ததாம்.

தனிய. தனியக் கிடந்தவள். நான் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனான்? யாரோ ஒருத்தற்றை கன்ரீனிலை, யாரோ ஒருத்தற்றை சட்டியைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். இருபது வருசம் பக்கத்திலை நிண்டவள் நான். ஒரு நாள் லைன்ல அவளுக்குக் காய்ச்சல் வர, அவளின்ரை பெட்டியையும் சேர்த்து அடைச்சவள் நான். அண்டைக்கு ஆரிட்டையும் கேட்டனானே? எந்த அட்டையிலை எழுதினனான்?

இவர் தேத்தண்ணி போட்டு வைத்தார். ஆறியபிறகு எடுத்து ஊற்றிவிட்டு இன்னொன்று போட்டு வைத்தார்.

பெப்ரவரி 26

அடக்கம் முடிந்தது. மழை. தொழிற்சாலைச் சனம் எல்லாம் வந்திருந்தது. போலந்துக்குப் போகாத சனம். ஒருத்தி இப்போது பஸ் ஓட்டுகிறாளாம், ஒருத்தி முதியோரைப் பார்க்கிறாளாம், மற்றவர்கள் என்னைப் போல. எல்லாரும் என் கையைப் பிடித்து, நீதான் அவளுக்குக் கடைசிவரை துணை என்றார்கள். கண்ணாடியில் பெயரைக் கண்டவர்கள். நான் ஒருவருக்கும் திருத்திச் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஜெசிக்காவோடு சேர்ந்து கடையை ஒதுக்கப் போனேன். மாத முடிவில் சாவி கொடுக்க வேண்டும். மாதாவும் பிள்ளையாரும் அப்படியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். படங்களைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், ஏன் அம்மா ஒரு ஆளைப் பிடிக்கவில்லை என்று. கேட்டிருக்கக் கூடாது.

ஜெசிக்கா இந்த முறை தமிழில் சொன்னாள், தேடித் தேடி. "நான் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினன் அன்ரி. நல்ல பிள்ளை. அம்மா வேண்டாம் எண்டவ. மலரின்ட இடத்தில வேற ஆள நிப்பாட்டினா, பிரச்சின முடிஞ்சு அவள் வரக்குள்ள எங்க நிக்கிறது எண்டு கேட்டவ. மார்ச்சில வருவாள் எண்டவ."

அதற்குப் பிறகு அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை.

மார்ச் 3

மார்ச் என்று சொன்னது நான்.

மார்ச் 14

பிராக்டிக் முடிந்தது. கன்ரீன்காரர் வேலை தருகிறார்கள். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து, நிரந்தரம். கை வேகம் என்றார்கள். லவன் என்னைக் கட்டிப்பிடித்தான். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய், சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தேன்.

மார்ச் 22, சனி

முப்பத்தோராம் நாள். பூசைக்குப் பிறகு சாப்பாடு. வெளியில் ஓடர் கொடுப்போம் என்றாள் ஜெசிக்கா. சாவி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது என்றேன்.

இருட்டு விலக முன்னரே கடைக்குப் போய் அடுப்பை மூட்டினேன். அவளுடைய சட்டி, அவளுடைய அகப்பை. கோழி, ஆடு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அவளுக்குப் பிடித்த மாசிச் சம்பல். ஜெசிக்கா உதவிக்கு வந்தாள், கதிரையில் இருத்திவிட்டேன். சட்டி எல்லாவற்றையும் நான்தான் தூக்கினேன். ஒரு இடத்தில், பழக்கத்தில், "உப்புப் போட்டாச்சு, பாத்துத்தான் போட்டனான்" என்று சொல்லிவிட்டேன். ஜெசிக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் கழுவிக் கவிழ்த்துப் பூட்டும்போது பின்னேர வெயில் வந்திருந்தது. கண்ணாடியில் என் பெயரைச் சுரண்டிய இடம் மட்டும் கொஞ்சம் துப்புரவாக இருந்தது. பக்கத்தில் அந்த &.

மார்ச் 31, திங்கள்

கடைசி அட்டை. நாளையிலிருந்து எனக்குக் காப்புறுதிக் காசு இல்லை.

வேலை செய்தீர்களா? ஓம். சம்பளத்துடனா? இல்லை. எந்த நாள்? இருபத்திரண்டு. எத்தனை மணித்தியாலம்? பதினொன்று. யாருக்கு? மேரிசெலினுக்கு.

அனுப்பிவிட்டேன். இவர் பின்னால் நின்று வாசித்தார். என் தோளில் கை வைத்தார்.

ஏப்ரல் 2, புதன்

கன்ரீனில் இரண்டாம் நாள். கோப்பி நேரத்தில் கிர்ஸ்டன் ரெலிபோன் எடுத்தாள். முதலில் வேலைக்கு வாழ்த்துச் சொன்னாள். பிறகு அட்டை.

"இருபத்திரண்டாம் திகதி என்ன செய்தீர்கள்?"

"சமைச்சனான். என்ரை சிநேகிதி செத்து முப்பத்தோராம் நாள்."

அவள் வருத்தம் சொன்னாள். பிறகு, "மலர், அது வேலை இல்லை. அது தனிப்பட்ட விசயம். அதை எழுதத் தேவையே இல்லை. நான் நீக்கிவிடுகிறேன்" என்றாள்.

"நீக்காதேங்கோ."

"காசு குறையுமே."

"குறையட்டும். நான் அண்டைக்கு வேலை செய்தனான்."

இதுவரை நான் அவளோடு இப்படிக் கதைத்ததில்லை. கோபமாக இல்லை. ஆனால் விட்டுக் கொடுக்கிற மாதிரியும் இல்லை. அவள் மெதுவாகச் சொன்னாள், உயிரோடு இல்லாதவரின் பெயரை வேலை கொடுத்தவர் என்று போட முடியாது, கொம்பியூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்று.

"அப்ப கடையின்ரை பேரைப் போடுங்கோ."

"கடையின் பெயர் என்ன?"

சொன்னேன். மலர் அண்ட் செலின்.

அவள் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கடையோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று நாங்கள் கொடுத்த கடிதம் அவளிடம்தான் இருக்கிறது. கேட்டால் கேட்கட்டும் என்று நின்றேன்.

கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எழுதிவிட்டேன்" என்றாள்.

உள்ளே சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கப் போனேன்.